பீட்டுக் கிழங்கின் வேர்ப்புழுவும் மண்ணிலிடும் மருந்துகளின் பரீட்சையும்

(நமது சங்கத்தின் மாதக் கூட்டத்தில் நிகழ்த்திய உபந்நியாசம்)



சர்க்கரை பீட்டுக் கிழங்கைத் தின்னும் புழுவைப்பற்றி நான் பேசப்போவதாக அறிக்கையிற் கண்டவுடன், "கரும்பு விளையும் நாட்டில் இக்கிழங்கின் கதை எதற்கு?" என்று நம்மவரிற் சிலர் வினவியதாகக் காரியதரிசி அவர்கள் தெரிவித்தார்கள். வினா நியாயமானதே. ஆயினும் அதற்கு விடையாக நான் ஒரு வினாவைத் திருப்பிக் கேட்கிறேன். நம்மில் நிலமுடையோர் பெரும்பாலார் ஆண்டுதோறும் கரும்புக்கோ கடலைக்கோ மண்ணிற் குருணை மருந்து இடுகிறோம். அறுவடையானபின், "மருந்து கேட்டது" என்றோ, "மருந்து கேட்கவில்லை" என்றோ சொல்லுகிறோம். கேட்டது என்பதை எவ்வாறு அறிந்தோம்? மருந்திடாமல் விட்ட நிலம் நம்மில் எவரிடத்திலாவது ஒரு சென்ட் உண்டா? மருந்திட்ட நிலத்தை மருந்திட்ட நிலத்தோடேயே ஒப்பிட்டுப் பார்த்து மனநிறைவு அடைகிறோமேயன்றி வேறில்லை. மண்ணுக்குள் நடக்கும் காரியம் கண்ணுக்குத் தெரியாதது. ஆகவே அங்கே மருந்தின் பெயரால் எதனையும் விற்கலாம், எதனையும் நம்பலாம். இந்த இருளில் விளக்கேற்றிப் பார்க்கும் முறையொன்றை அமெரிக்காவிற் பீட்டுக் கிழங்கு பயிரிடுவோர் நெடுங்காலமாகக் கைக்கொண்டு வருகின்றனர். அம்முறையை விளக்குவதே என் நோக்கம்.

முதலில் கிழங்கு இன்னதென்று சொல்லிவிடுகிறேன். சர்க்கரைவள்ளிக் கிழங்கு என்று எண்ணி ஓர் அம்மையார் என்னிடம் பதம் கேட்டார்கள், அதுவன்று இது. நாம் கறியாக்கும் பீட்ரூட்டின் இனத்தைச் சேர்ந்தது. ஆனால் வெண்ணிறமும், கூம்பிய வடிவும், முழங்கையளவு பருமனும் உடையது. 1747-ஆம் ஆண்டில் பெர்லின் நகரத்து ரசாயன சாஸ்திரியாகிய மார்கிராப் என்பவர் இதனுள் இருப்பது கரும்பிலுள்ள அதே சர்க்கரையென்று கண்டறிந்தார். அவர் மாணாக்கராகிய ஆஹார்ட் என்பவர் 1801-இல் சைலீசியா நாட்டில் முதல் ஆலையை நிறுவினார். பின்னர் ஆங்கிலேயரோடு நடந்த யுத்தத்தாற் கடல்வழிச் சர்க்கரை அற்றுப்போகவே, நெப்போலியன் 1811-இல் இக்கிழங்கைப் பெருக்கும்படி கட்டளை பிறப்பித்தான். இன்று உலகத்துச் சர்க்கரையில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு இதிலிருந்தே வருகிறது. அமெரிக்க ஐக்கிய நாட்டில் உண்டாகும் சர்க்கரையிற் பாதிக்குமேல் கிழங்குச் சர்க்கரையே.

அந்நாட்டில் இக்கிழங்கு மிகுதியாக விளையும் பிரதேசம், மின்னசோட்டா, வடக்கு டகோட்டா என்னும் இரண்டு மாகாணங்களுக்கும் நடுவே வடக்குநோக்கி ஓடும் செந்நதியின் பள்ளத்தாக்கு. பள்ளத்தாக்கு என்பது பெயரளவிற்றான். பனியூழியின் இறுதியில் அங்கே தேங்கியிருந்த பெரிய ஏரியொன்று வற்றியபின் எஞ்சிய படுகை அது, கண்ணுக்கெட்டிய தூரம் மேசைப்பலகை போன்ற சமநிலம், கறுத்த களிமண். ஆறுமாதம் பனியில் உறைந்துகிடந்து, ஏப்ரல் முடிவிலோ மே மாதத் தொடக்கத்திலோ விதை ஏற்கும். செப்டம்பர், அக்டோபர் மாதங்களிற் கிழங்கு அகழ்வார்கள். 1973-ஆம் ஆண்டில் அங்குள்ள குடியானவர்கள் ஒன்றுகூடி, தங்கள் கிழங்கை வாங்கிவந்த அமெரிக்கன் கிறிஸ்டல் என்னும் ஆலைக் கம்பெனியையே விலைக்கு வாங்கிக் கூட்டுறவு ஸ்தாபனமாக்கிக்கொண்டனர். இதனை இங்குக் குறிப்பிடுவதற்குக் காரணம் உண்டு, பின்னர்ச் சொல்வேன்.

இனிப் புழுவின் வரலாறு. இதன் தாய் ஓர் ஈ. நம் வீட்டு ஈயளவே இருக்கும், பளபளக்கும் கருநிறம், இறக்கையின் முன்விளிம்பிற் புகைபடிந்தாற்போன்றதொரு திட்டு. விஞ்ஞான நூலார் டெட்டானாப்ஸ் என்பர். ஜூன் மாதத்தில், காற்று அடங்கிய வெப்பமான நாட்களில், சென்ற ஆண்டு கிழங்கு விளைந்த கொல்லையிலிருந்து இவ்வாண்டு கிழங்கு விளையும் கொல்லைக்கு இவை பறந்து செல்லும். இளஞ்செடியின் அடியில் மண்வெடிப்பைப் பார்த்து, அரிசிக்குறுநொய் போன்ற வெள்ளிய முட்டைகளைச் சிறுசிறு குவியலாக இடும். சில நாட்களிற் புழு வெளிப்பட்டு வேரைப்பற்றிக் கீழிறங்கும். அதற்குப் பல்லில்லை, வாயிலுள்ள கொக்கிகளால் வேரின் தோலைச் சுரண்டி, கசியும் சாற்றை உறிஞ்சும். சுரண்டிய இடம் கறுக்கும். இளஞ்செடியாயின் ஆணிவேர் அறுந்து வாடிப்போகும். வளர்ந்த செடியாயின் கிழங்கு கோணி, பிளந்து, எடை குறையும். மிகுதியாக விழுந்த கொல்லையை மருந்தின்றி விட்டால் நூற்றுக்கு நாற்பதுக்கும் மேலாக மகசூல் போய்விடுவதுண்டு. ஆகஸ்டு மாதத்திற் கொழுத்த புழு, ஓரடி ஆழத்திற் சென்று அடங்கி, பனிக்காலம் முழுவதும் உறங்கும். வசந்தத்தில் மேலேறிக் கூடுகட்டி மீண்டும் ஈயாகும். ஆண்டுக்கு ஒரே தலைமுறை.

இவ்வரலாற்றில் மருந்திடுவோன் கவனிக்கவேண்டிய முடிச்சு ஒன்று உண்டு. குருணையை இடுவது விதைக்கும் நாளில். புழு வருவதோ ஜூன் மாதத்தில். இடையே ஒரு மாதத்திற்குமேற் செல்லும். அவ்வளவு காலமும் மருந்து மண்ணிற் சிதையாமற் காவலிருக்கவேண்டும். முன்னதாகச் சிதைந்தால் காவற்காரன் உறங்கும் நேரத்திற் கள்வன் வந்தது போலாம். நெடுநாட் சிதையாமலே கிடந்தாலோ நிலத்துக்கும், நீருக்கும், உண்பாருக்கும் கேடு. மண்ணிலிடும் மருந்தின் சங்கடம் முழுதும் இந்த இரண்டு வரிகளில் அடங்கியிருக்கிறது.

சென்ற நூற்றாண்டின் நடுவில் வந்த டி.டி.டி., ஹெப்டகுளோர், ஆல்ட்ரின் முதலியவை சிதையாத வகையைச் சேர்ந்தவை. இட்டவுடன் புழுக்கள் மாண்டன; ஆனால் மருந்து ஆண்டுக்கணக்கில் மண்ணிலே தங்கி, உயிர்களின் கொழுப்பிற் சேர்ந்தது. வெங்காய ஈயின் புழு முதலிய சில வேர்ப்புழுக்கள் அம்மருந்தைப் பொறுத்துக்கொண்டு வாழவும் கற்றன. டி.டி.டி.யை அமெரிக்க அரசு 1972-இல் விலக்கியது. அவற்றின் பின் வந்தவை பாஸ்பரஸ் வகையும் கார்பமேட் வகையும். டெர்புபாஸ், போரேட், குளோர்பைரிபாஸ், கார்போபியூரான், ஆல்டிகார்ப் என்பன இவ்வகையின. நரம்புக்கும் நரம்புக்கும் இடையே செய்தி சென்றபின் அச்செய்தியை அழிக்கும் புளிப்பொருள் ஒன்று உடம்பில் உண்டு. அதனை இம்மருந்துகள் கட்டிப்போடும். நரம்பு ஓயாது துடித்துப் பூச்சி மாளும். நம்முடம்பிலும் அதே புளிப்பொருள்தான் வேலைசெய்கிறது என்பதைச் சகோதரர்கள் மறவாதிருக்க வேண்டுகிறேன். வெறுங்கையாற் குருணையை அள்ளித் தூவும் வழக்கம் நம்மில் இன்னும் ஒழியவில்லை. அமெரிக்காவிலோ டெர்புபாஸ் குருணையைத் திறந்த பையிலிருந்து கொட்டுவதே இல்லையெனலாம். மூடிய கலத்தை விதைப்பு யந்திரத்தின் பெட்டியிற் பூட்டித் திருகினாலன்றி மருந்து இறங்காதபடி செய்திருக்கிறார்கள்.

இனிப் பரீட்சைக்கு வருவோம். வடக்கு டகோட்டா மாகாணத்தின் வடகோடியில், பெம்பினா என்னும் ஜில்லாவில், செயின்ட் தாமஸ் என்றொரு சிற்றூர் உண்டு. பார்கோ நகரத்திலுள்ள மாகாண சர்வகலாசாலையின் பூச்சியியல் நிபுணர்கள், பல ஆண்டுகளாக இவ்வூரை அண்டிய வயல்களில் வேர்ப்புழு மருந்துகளைப் பரீட்சித்து வருகின்றனர். ஏன் அவ்வூர்? புழு அங்கே மிகுதி. நல்ல நிலத்தைத் தேடிப்போகாமல், கெட்ட நிலத்தைத் தேடிப்போனார்கள். புழுவில்லாத நிலத்தில் எல்லா மருந்தும் நல்ல மருந்தே. வெறும் மணலைக் குருணையென்று இட்டாலும் அங்கே மகசூல் குறையாது. கடைக்காரர் காட்டும் மாதிரி வயல்களைக் காணும்போது நம்மவர் முதலிற் கேட்கவேண்டிய கேள்வி, "இங்கே புழு இருந்ததா?" என்பது.

வயலைச் சிறுபாத்திகளாக வகுப்பார்கள். ஒரு பாத்திக்கு ஆறு வரிசை. வரிசைக்கு வரிசை 22 அங்குலம். நீளம் 35 அடி. ஆறில் நடுவிலுள்ள நான்கு வரிசைகளுக்கே மருந்து. ஓரத்து வரிசைகள் இரண்டும் வெறுமையாக நின்று வேலிபோல் உதவும். பக்கத்துப் பாத்தியின் மருந்து இதிற் கலவாது. பத்து வகை மருந்துமுறைகளை ஒப்பிட வேண்டுமாயின், பத்துப் பாத்திகளோடு மருந்தே இடாத பாத்தியொன்றும் சேர்த்துப் பதினொரு பாத்திகள் ஒரு தொகுதி. இத்தகைய தொகுதிகள் நான்கு. ஒவ்வொரு தொகுதிக்குள்ளும் எந்தப் பாத்திக்கு எந்த மருந்து என்பதைச் சீட்டுக் குலுக்கிப் போடுவதுபோலத் தற்செயலாகவே தீர்மானிப்பார்கள். இது சூதாட்டமன்று, சூழ்ச்சியை விலக்கும் உபாயம். வயலின் ஒருபுறம் மேடு, ஒருபுறம் பள்ளம். ஓரிடத்தில் உரம் அதிகம், ஓரிடத்தில் ஈ அதிகம். நமக்கு வேண்டிய மருந்தை நம்மையறியாமலே நல்ல பாத்தியில் இட்டுவிடும் இயல்பு மனிதருக்கு உண்டு. நான்கு தொகுதியாகச் செய்வதும், சீட்டுக் குலுக்குவதும் அந்த இயல்புக்குக் கடிவாளம்.

மருந்திடாத பாத்தியைப்பற்றி ஒரு வார்த்தை தனியாகச் சொல்லவேண்டும். அந்தப் பாத்தியில் விளைச்சல் போகும். பார்க்கவும் கண்ணுக்கு அழகாயிராது. நிலச்சொந்தக்காரருக்கு மனம் ஒப்பாது. ஆனால் அந்தப் பாத்தி இல்லையேல் மற்றப் பாத்திகள் அனைத்தும் ஊமை. மருந்து எவ்வளவு காத்தது என்பதை அளக்கும் கோல் அதுவே. ஒரு வைத்தியர் தம்மிடம் வந்த நோயாளிகளில் எத்தனை பேர் மருந்தின்றியே பிழைத்திருப்பர் என்று அறியாமல் தம் மருந்தைப் புகழ்ந்தால் நாம் எவ்வளவு நம்புவோமோ, அவ்வளவே இந்தப் பாத்தியில்லாப் பரீட்சையையும் நம்பலாம்.

அளவைக் கவனியுங்கள். நூற்றுக்கு இருபது பங்கு மருந்துடைய டெர்புபாஸ் குருணை ஏக்கருக்கு ஏழரை இராத்தல் இடும் முறை அங்கே வழக்கத்தில் உள்ளது. அதாவது சுமார் 3 கிலோ 400 கிராம். அதில் உண்மை மருந்து ஒன்றரை இராத்தல். 22 அங்குல வரிசையிற் கணக்கிட்டால், 35 அடி வரிசை ஒன்றுக்கு விழுவது ஐந்து கிராம் குருணை. அதனுள் மருந்து ஒரே ஒரு கிராம். ஒரு சிட்டிகை உப்பைப் பன்னிரண்டு முழ வேட்டி முழுதும் சீராகத் தூவுவதுபோன்ற வேலை இது. யந்திரத்தின் ஒவ்வொரு குழாயிலிருந்தும் விழுவதைப் பையிற் பிடித்து, நிறுத்து, சக்கர வேகத்தைத் திருத்தி, மீண்டும் நிறுத்தபின்னரே வயலில் இறங்குவார்கள். நம் வழக்கமோ, ஏக்கருக்கு இத்தனை கிலோ என்று சொல்லி ஆளிடம் கூடையைக் கொடுத்துவிடுவது. முதல் கால் ஏக்கரிற் பாதி மருந்து போய்விடும். கடைசிக் காலில் மணல்தான்.

எங்கே விழுகிறது என்பதும் எவ்வளவு விழுகிறது என்பதற்குச் சமமான விஷயம். வரிசையின்மேல் நாலைந்து அங்குல அகலத்திற்குப் பட்டையாகத் தூவுவது ஒரு முறை. விதை விழுந்து சற்று மண் மூடியபின் அதே சாலில் விடுவது மற்றொரு முறை. விதையோடு ஒட்டிவிழுந்தால் புழுவுக்குமுன் முளையே கருகும். மிக விலகினால் புழு வேறு வழியாய் வேரை அடையும். இவ்வொரு கேள்விக்காகவே, மருந்து மாறாமல், அளவு மாறாமல், இடம் மாத்திரம் மாற்றிப் பலமுறை பரீட்சித்திருக்கிறார்கள். ஒரே சமயத்தில் மருந்து, அளவு, இடம், காலம் எல்லாவற்றையும் மாற்றிவிட்டு, பலன் எதனால் வந்ததென்று தர்க்கிப்பது வீண்.

மழையும் இதில் ஒரு கட்சிக்காரர். குருணைக்குள் அடங்கிய மருந்து வெளிவர ஈரம் வேண்டும். விதைத்தபின் மண் உலர்ந்தே கிடந்தால் குருணை குருணையாகவே கிடக்கும். மருந்து வேரைச் சேராது. ஆகையால் ஓராண்டிற் சிறந்த முறை மறு ஆண்டிற் பின்தங்குவதுண்டு. ஒரே ஆண்டின் பலனைக் கொண்டு முடிவு சொல்லுவோரை அந்நாட்டு நிபுணர்கள் மதிப்பதில்லை.

ஜூன் மாதத்தில் வயலோரங்களில் பசை தடவிய ஆரஞ்சுநிறக் கட்டைகளை நட்டு, ஒட்டிக்கொள்ளும் ஈக்களை எண்ணுவார்கள். வசந்தந்தொட்டு ஒவ்வொரு நாளும் எவ்வளவு வெப்பம் சேர்ந்தது என்று கூட்டிக்கொண்டேவந்து, ஈக்கள் மிகும் நாளை முன்கூட்டியே கணிக்கவும் செய்வார்கள். பூச்சிக்குப் பஞ்சாங்கம் தேதியன்று, வெப்பந்தான். இரண்டாவது தடவை மருந்திடுவதாயின் இந்தக் கணிப்பே நாளைக் காட்டும். செடிக்கருகே தூவும் குருணையாயின் ஈக்கள் மிகுமுன்னரும், நீரிற் கலந்து தெளிக்கும் மருந்தாயின் அவை மிகும் நாளையொட்டியும் இடுவர்.

ஜூலை முடிவிலோ ஆகஸ்டு தொடக்கத்திலோ ஒவ்வொரு பாத்தியிலும் பத்துக் கிழங்குகளைத் தோண்டுவார்கள். மருந்திட்ட நான்கு வரிசைகளில் வெளிப்புறத்து இரண்டில் வரிசைக்கு ஐந்தாக எடுப்பார்கள். நடுவிரண்டையும் தொடமாட்டார்கள், அவை அறுவடைக்கு. தோண்டிய கிழங்குகளைக் கழுவி, ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 9 வரை மதிப்பெண் இடுவார்கள். 0 என்றால் ஒரு கீறலும் இல்லை. 9 என்றால் கிழங்கின் மேற்புறத்தில் முக்காற்பங்குக்குமேல் கறுத்த தழும்பு, அல்லது செடியே மாண்டது. நாலு தொகுதியிலும் ஒரு மருந்துக்கு நாற்பது கிழங்குகளின் மதிப்பெண் கிடைக்கும். "பரவாயில்லை", "நல்லாயிருக்கிறது", "போன வருஷத்துக்குத் தேவலை" என்னும் நம் சொற்களுக்குப் பதிலாக அங்கே எண் நிற்கிறது. எண்ணைப் பிறர் சரிபார்க்கலாம். பரவாயில்லையை எவர் சரிபார்ப்பது?

இறுதியில் நடுவிரண்டு வரிசைகளையும் அகழ்ந்து, நிறுத்து, மாதிரியை ஆலையின் ரசாயனசாலைக்கு அனுப்பிச் சர்க்கரைச் சத்தை அளப்பார்கள். ஏக்கருக்கு எத்தனை டன், அதில் எடுக்கக்கூடிய சர்க்கரை எவ்வளவு, அதன் விலை என்ன என்பதெல்லாம் அட்டவணையாகும். அட்டவணையின் அடியில் ஒரு சிறு எண் இருக்கும். அதுவே என் கண்ணுக்கு அட்டவணை முழுவதினும் விலையுயர்ந்தது. இரண்டு மருந்துகளின் சராசரிகள் அந்த எண்ணுக்கு மேற்பட்டு வேறுபட்டாலன்றி, வேறுபாடு மருந்தால் வந்ததென்று கொள்ளலாகாது. மேடுபள்ளத்தால் வந்ததாகவும் இருக்கலாம். உதாரணத்திற்கு, ஒன்று 26 டன், மற்றொன்று 27 டன், அந்த எண் 3 என்று வைத்துக்கொள்வோம். 27 டன் தந்த மருந்தைச் செய்தவர் விளம்பரம் அச்சிட விரும்புவார். நிபுணரோ, "இரண்டும் ஒன்றே, விலை மலிந்ததை வாங்குக" என்பார்.

பல்லாண்டுப் பரீட்சைகளாற் கண்டவற்றுள் சிலவற்றைச் சொல்கிறேன். புழு குறைந்த இடத்தில், விதையின்மேற் பூசிவரும் நியோனிகோட்டினாய்ட் வகை மருந்தே போதுமாயிருக்கிறது. புழு மிகுந்த இடத்தில் அது தனியே நின்று காப்பதில்லை. விதைக்கும்போது குருணையும், ஜூனில் மறுமருந்தும் சேர்ந்தே காக்கின்றன. ஆகவே எல்லாருக்கும் ஒரே மருந்து என்பதும் இல்லை. எல்லா வயலுக்கும் மருந்து வேண்டும் என்பதும் இல்லை. மெட்டாரைசியம் என்னும் பூஞ்சாணத்தை மண்ணிலிட்டுப் புழுவுக்கு நோய் உண்டாக்கவும், ஓட்ஸ், ரை முதலிய தானியங்களை இடையே மூடுபயிராக விதைக்கவும் முயன்றிருக்கிறார்கள். புழுவைத் தாங்கும் கிழங்கு வகைகளையும் அரசாங்க நிபுணர்கள் வளர்த்திருக்கிறார்கள். புழு மிகுந்த வயலில் இவை ரசாயனத்தின் இடத்தை இன்னும் முற்றும் பிடித்துக்கொள்ளவில்லை. இதனை மறைப்பதில் நன்மையில்லை.

ரசாயனத்தை நம்பியிருப்பதன் துன்பமும் மறைக்கத்தக்கதன்று. கார்போபியூரான் குருணையைத் தானியமென்று பொறுக்கித் தின்று பறவைகள் மடிந்தமையால், 1991-இல் ஏற்பட்ட உடன்படிக்கையின்படி அமெரிக்காவில் அக்குருணையின் பெரும்பான்மை உபயோகங்கள் படிப்படியாக நிறுத்தப்பட்டன. மற்றொரு விசித்திரமும் உண்டு. ஒரே வயலில் ஆண்டுதோறும் கார்போபியூரானை இட்டுவர, மண்ணிலுள்ள நுண்ணுயிர்கள் அதனையே உணவாக உண்ணப் பழகிக்கொண்டன. மருந்து புழுவைச் சேருமுன் மண்ணே அதைத் தின்றுவிட்டது! "முன்னெல்லாம் கேட்ட மருந்து இப்போது கேட்கவில்லை, கலப்படம்" என்று நாம் சொல்லும்போது, கலப்படமும் இருக்கலாம், மண்ணின் பழக்கமும் இருக்கலாம். குளோர்பைரிபாஸின் கதையோ நீதிமன்றம்வரை சென்றது. குழந்தைகளின் மூளை வளர்ச்சிக்குத் தீங்கென்ற அச்சத்தால் அமெரிக்க அரசின் சுற்றுச்சூழற் காப்பு இலாகா 2021-இல் உணவுப் பயிர்களில் அதனை விலக்கியது; 2023-இல் மேல்நீதிமன்றம் அவ்விலக்கைத் தள்ளியது; 2024-ஆம் ஆண்டின் இறுதியில், பீட்டுக் கிழங்கு உட்படப் பதினொரு பயிர்களுக்கு மாத்திரம் வைத்துக்கொள்ளலாமென்று அவ்விலாகா யோசனை வெளியிட்டது. ஐரோப்பாவில் 2018-இல் விதைப்பூச்சு மருந்துகளிற் பிரதானமானவற்றை வெளிவயல்களில் விலக்கினார்கள். 2020-இல் பிரெஞ்சு நாட்டுக் கிழங்கு வயல்கள் அசுவினி பரப்பும் மஞ்சள் நோயாற் பெரிதும் வாடின. அங்கே தேனீ வளர்ப்போருக்கும் கிழங்கு விளைப்போருக்கும் நடந்த வாதம் இன்னும் ஓயவில்லை. இருவர் சொல்வதிலும் நியாயம் இருக்கிறதென்பதே என் அபிப்பிராயம். மாற்று வழி ஆயத்தமாகுமுன் ஒரே மருந்தை நம்பியிருந்தவர்களே இருபுறத்திலும் அதிகம் துன்புற்றார்கள்.

இவ்வளவு பரீட்சைக்கும் பணம் எங்கிருந்து வருகிறது? ஆலையை வாங்கிய குடியானவர்களைப்பற்றி முன்னர்ச் சொன்னேன். செந்நதிப் பள்ளத்தாக்கின் கிழங்கு விளைப்போர் தம் பங்காகப் பணம் சேர்த்து, ஆராய்ச்சிக்கும் போதனைக்குமென ஒரு சபையை இரு மாகாணங்களுக்கும் பொதுவாக நடத்துகிறார்கள். அச்சபையின் உதவி பெற்ற பரீட்சைகளின் பலன்களெல்லாம் ஆண்டுதோறும் அறிக்கையாக வெளிவருகின்றன. தோற்ற மருந்தின் பெயரும் அதில் இருக்கும். மருந்து விற்பவர் செலவில் நடக்கும் பரீட்சையிலே தோற்ற மருந்தின் பெயரைக் காண்பது அரிது. நம் சங்கம் கல்விக்கும் கலியாணத்திற்கும் நிதி சேர்ப்பதைக் குறைகூற நான் வரவில்லை. ஆனால் நம் வீடுகளிற் கல்விச்செலவும் கலியாணச்செலவும் வருவது எந்த வயலிலிருந்தோ, அந்த வயலுக்கென நாம் ஒரு ரூபாயும் ஒதுக்கியதில்லை.

இனி நம் மண்ணுக்கு வருகிறேன். நம் கரும்பிலும் நிலக்கடலையிலும் வேரைத் தின்னும் வெண்புழு, ஈயின் புழுவன்று, வண்டின் புழு. கோடைமழை பெய்த மாலையில் வண்டுகள் மண்ணிலிருந்து வெளிவந்து வேம்பின்மேற் கூடும்; கிளையை உலுக்கிப் பொறுக்கி மண்ணெண்ணெய் கலந்த நீரில் இடுவது நம் முன்னோரும் செய்த காரியம். ஒரு தெருவார் மட்டும் செய்தாற் பயனில்லை; ஊரார் எல்லாரும் அதே வாரத்திற் செய்யவேண்டும். இப்புழுவுக்கு நாம் நெடுநாளாக இட்டுவந்த போரேட்டு குருணை, 2018-இல் இந்திய அரசு பிறப்பித்த ஆணையின்படி 2020-ஆம் ஆண்டின் முடிவோடு விலக்கப்பட்டுவிட்டது. கார்போபியூரானிலும் நூற்றுக்கு மூன்று பங்குடைய உறையிட்ட குருணை நீங்கலாக மற்றவை 2023-இல் விலக்கப்பட்டன. பழைய பையை இன்னும் பரணில் வைத்திருப்போர் இங்கிருந்தால், தயவுசெய்து குழந்தைகளுக்கும் மாடுகளுக்கும் எட்டாதபடி பூட்டிவைத்து, வேளாண்மை அலுவலரிடம் சொல்லுங்கள். கிணற்றிலோ ஓடையிலோ கொட்டாதீர்கள்.

அவற்றின் இடத்தில் இன்று பல புதிய பைகள் வந்துள்ளன. உயிர்மருந்து என்று பெயரிட்டவையும் அவற்றில் உண்டு. எது உதவும், எது உதவாது என்பதை இம்மேடையிலிருந்து நான் சொல்வது, நான் இதுவரை பேசியதற்கே முரணாகும். நீங்களே பார்க்கலாம். ஓர் ஏக்கரில் ஒரே நீளமும் அகலமுமுள்ள எட்டுப் பட்டிகளை, பக்கத்துக்குப் பக்கம் இரண்டிரண்டாக நான்கு இணைகளாய்க் குறித்துக்கொள்ளுங்கள். ஒவ்வோர் இணையிலும் எந்தப் பட்டிக்கு மருந்து, எது வெறும் பட்டி என்பதைக் காசு சுண்டித் தீர்மானியுங்கள். வீட்டுப் பிள்ளைகளைக் கொண்டு சுண்டச் செய்தால் இன்னும் நல்லது. நான்கு முனையிலும் முளையடித்து வையுங்கள். இல்லையேல் பயிர் வளர்ந்தபின் எது எதுவென்று தெரியாது. மருந்தை நிறுத்து, பட்டிக்குப் பட்டி தனித்தனிப் பொட்டலமாகக் கட்டி, கையுறை அணிந்து இடுங்கள். அதே நாளில் எல்லாப் பட்டிக்கும் தண்ணீர் கட்டுங்கள். புழுக்காலத்தில் ஒவ்வொரு பட்டியிலும் ஐந்து தூர்களைச் சுற்றி ஓரடி ஆழம் தோண்டி, புழுவை எண்ணி, எண்ணியதை அப்போதே எழுதுங்கள். எண்ணுகிறவருக்கு எது மருந்திட்ட பட்டியென்று சொல்லாதிருப்பது உத்தமம். வெட்டும்போது எட்டையும் கலவாமல் தனித்தனியே நிறுங்கள். கூலியாட்கள் முணுமுணுப்பார்கள், அரைநாட் கூலி அதிகமாகும்.

நான்கு இணைகளிலும் மருந்திட்ட பட்டியே மேம்பட்டு நின்றால் நம்புவதற்கு ஓரளவு இடமுண்டு. மறு ஆண்டும் அவ்வாறே வந்தால் நன்றாக நம்பலாம். இரண்டில் மேலும் இரண்டிற் கீழுமாக வந்தால் அந்தப் பையின் விலை வீட்டிலேயே இருக்கட்டும். நான்கு வெறும் பட்டிகளிலும் புழுவே இல்லையெனின், அந்த வயலுக்கு அவ்வாண்டு மருந்து வேண்டியிருக்கவில்லை. அதுவும் பெரிய லாபமே.

இப்பரீட்சையை வரும் பட்டத்திற் செய்ய இசைபவர்கள், தங்கள் பெயரையும், ஊரையும், பயிரையும் காரியதரிசி அவர்களிடம் கொடுக்கலாம். நிறுப்பதற்குத் தராசும், எழுதுவதற்கு ஒரே மாதிரியான குறிப்பேடும் சங்கத்திலிருந்து தருவதாகச் சொல்லியிருக்கிறார்கள். வரும் கணக்குகள் அனைத்தும், கேட்டதும் கேளாததும், மருந்தின் பெயரோடு இப்பத்திரிகையில் அச்சாகும்.